இரைப்பையைச் சிறிதாக்கிய பின் தண்ணீர் குடிக்கும் முறை



இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் நம் தோட்டங்களில் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாரா வாரம் மருந்தகத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரியும். இந்த இரண்டுக்கும் பின்னால் நிற்பது பெரும்பாலும் உடல் பருமன். 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டில் எடுக்கப்பட்ட சுகாதாரக் கணக்கின்படி, பெரியவர்களில் 100 பேருக்கு 50 பேர் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். பால் வெட்டினாலும் பழம் வெட்டினாலும் உடம்பு பெருக்காது என்று நினைத்த காலம் போய்விட்டது.

எடை மிகவும் கூடி, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் குறையாதவர்களுக்கு, இரைப்பையைச் சிறிதாக்கும் ஆப்பரேசன் செய்கிறார்கள். முன்பு இது பணக்காரர்கள் சங்கதி. இப்போது சில பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளிலும் கூடச் செய்கிறார்கள். ஆகவே, நம் லயத்து ஆட்களும் ஒருவர் இருவராகப் போய்ச் செய்துகொண்டு வருகிறார்கள். ஆப்பரேசன் செய்வது அவர்கள் வேலை. ஆனால் நாலாம் ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது நோயாளியும், வீட்டாரும், தோட்டத்து மருந்தகமும்தான்.

வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் கஷ்டப்படுவது சாப்பாட்டுக்கு அல்ல, தண்ணீருக்கு. ஆச்சரியமாக இருக்கும். ஆனால் உண்மை. ஆகவே இந்த மாதம் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வயிற்றுக்குள் என்ன மாற்றம்?

சாதாரண மனிதனின் இரைப்பை ஒரு ரப்பர் பை போன்றது. வெறுமனே இருக்கும்போது சுருங்கியும், சாப்பிட்டதும் விரிந்தும் கொடுக்கும். நன்றாக விரிந்தால் ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதனால்தான் வெயிலில் வேலை செய்து வந்தவர் ஒரு போத்தல் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க முடிகிறது.

இந்த ஆப்பரேசனில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்றில், இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, ஒரு சிறிய வாழைப்பழம் போல நீளமான குழாயாக விட்டுவிடுவார்கள். அதில் கொள்ளுவது ஏறக்குறைய 100 முதல் 150 மில்லிலிட்டர்தான். மற்றொன்றில், இரைப்பையின் மேல்முனையில் ஒரு கோழிமுட்டையைவிடச் சிறிய பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை நேராக அதில் இணைத்துவிடுவார்கள். இந்த இரண்டாம் வகையை 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர் தொடங்கிவைத்தார். இப்போது இரண்டையும் பெரும்பாலும் வயிற்றில் சிறு துளைகள் போட்டே செய்கிறார்கள்.

முதல் வகையில் வெட்டி எடுக்கப்படுவதுதான் இரைப்பையின் நன்றாக விரிந்து கொடுக்கும் பகுதி. மிஞ்சியிருப்பது அவ்வளவாக விரியாது. அத்தோடு, தையல் போட்ட இடம் முதல் சில வாரங்கள் வீங்கியிருக்கும். இந்த நிலையில் பழைய பழக்கப்படி ஒரு மடக்கு பெரிதாக விழுங்கினால் தண்ணீர் போக இடமில்லை. நெஞ்சுக்குழியில் கல் அடைத்த மாதிரி வலிக்கும். வாயில் எச்சில் நுரையாக ஊறும். பிறகு வாந்தி. இதைக் கண்டு பயந்து பலர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து ஆரம்பம்.

ஏன் குறைக்கக் கூடாது?

நம் உடம்புக்கு வேண்டிய நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாப்பாட்டின் மூலமாகவே வந்துவிடுகிறது. சோறு, குழம்பு, காய்கறி, பழம் எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கிறது. ஆப்பரேசன் செய்தவர் சாப்பிடுவதோ சில கரண்டி. ஆகவே அந்தப் பங்கும் கிடைக்காது. குடிக்கும் தண்ணீரை மட்டுமே நம்பி இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

நீர் குறைந்தால் முதலில் தலைவலி, மயக்கம், மலச்சிக்கல். மேலும் குறைந்தால் சிறுநீரகம் பழுதாகும். சிறுநீரகத்தில் கல்லும் உண்டாகலாம். ஏற்கெனவே இனிப்பு நீரால் சிறுநீரகம் பலவீனப்பட்டவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆப்பரேசன் முடிந்து வீடு வந்தவர்கள் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு நீர்ச்சத்துக் குறைவு ஒரு முக்கியக் காரணம் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கள் தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வெளிக்காட்டு வேலை செய்யும் ஒரு பெண்மணி. நாற்பது வயதைத் தாண்டியவர். பல வருஷமாக இனிப்பு நீர். பட்டணத்தில் ஆப்பரேசன் செய்து வந்தார். மூன்றாவது வாரம், அவர் மகள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தாள். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றார். நாக்கு பலகை போல் காய்ந்திருந்தது. நாடி நிமிடத்துக்கு 124. இரத்த அழுத்தம் 90-க்குக் கீழே.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு சின்ன கிளாசு ஐயா. குடிச்சா நெஞ்சில கல்லு வச்ச மாதிரி இருக்கு, வாந்தி வருது. வயிறு சின்னதாயிருச்சு, அப்படித்தான் இருக்கும்னு பேசாம இருந்துட்டேன். சொன்னா திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வச்சிருவாங்கன்னு பயம்."

ஐந்து நாளாக வாந்தி. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மகள்தான் கண்டுபிடித்தாள். ஆப்பரேசன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, அன்றைக்கே வண்டியில் ஏற்றி அனுப்பினோம். அங்கே தயமின் எனப்படும் பி1 சத்து ஊசியும் போட்டு, டிரிப் ஏற்றி, நாலு நாளில் அனுப்பினார்கள். தையலில் கோளாறு எதுவும் இல்லை. குடிக்கும் முறைதான் தெரியவில்லை. முறை தெரிந்த பிறகு அவருக்கு அந்தக் கல் அடைத்த வலி வரவே இல்லை.

மருந்துக் கிண்ணக் கணக்கு

அவருக்குச் சொல்லிக்கொடுத்த முறையையே உங்களுக்கும் சொல்கிறேன். இதற்கு விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். இருமல் மருந்து கொடுக்கும்போது ஒரு சிறிய பிளாஸ்டிக் கிண்ணம் கொடுப்போமே, அது போதும். நிறைய ஊற்றினால் 30 மில்லி. பாதிக் கோட்டுக்கு 15 மில்லி.

முதல் சில நாட்கள்: கால் மணி நேரத்துக்கு ஒரு முறை பாதிக் கிண்ணம். அதையும் ஒரே மடக்காக ஊற்றிக்கொள்ளக் கூடாது. நாக்கை நனைப்பது போல மூன்று நாலு வாயாக உறிஞ்ச வேண்டும்.

அது சிரமமில்லாமல் இறங்கினால்: கால் மணிக்கு ஒரு முழுக் கிண்ணம்.

இப்போது கணக்குப் பாருங்கள். முழுக் கிண்ணம் கால் மணிக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரத்துக்கு நாலு கிண்ணம், 120 மில்லி. காலை 5 மணிக்கு எழுந்து இரவு 9 மணிக்குப் படுப்பவர் 16 மணி நேரம் விழித்திருக்கிறார். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் அதன் பின்னால் பொறுத்திருக்கவும் 3 மணி நேரம் கழித்துவிடுங்கள். மிச்சம் 13 மணி நேரம். 13 தடவை 120 என்றால் 1,560 மில்லி. அதாவது ஒன்றரை லிட்டர்! ஒரு தடவை கூட வயிறு நிறையக் குடிக்காமலே ஒரு நாளைக்கு வேண்டியது உள்ளே போய்விட்டது. பெரும்பாலான மருத்துவர்கள் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை குடிக்கச் சொல்கிறார்கள். இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அளவு வேறுபடும். அவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். தாகம் எடுத்தால் கை தானாகப் பெரிய மடக்குக்குப் போகும். கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள். கைப்பேசியில் மணி அடிக்க வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கவனிக்க வேண்டியவை

1. சாப்பாடும் தண்ணீரும் சேரக் கூடாது. சாப்பிடும்போது குடித்தால் சிறு பை உடனே நிரம்பிவிடும். வலியும் வாந்தியும் வரும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே குடிக்க ஆரம்பியுங்கள். சோற்றில் ரசத்தைக் குளமாக ஊற்றிச் சாப்பிடும் நம் பழக்கத்தையும் விட வேண்டும்.

2. சூடு, குளிர்ச்சியை மாற்றிப் பாருங்கள். ஐஸ் தண்ணீர் சிலருக்கு வயிற்றைப் பிடித்து இழுக்கும். வெதுவெதுப்பான நீர் இதமாக இறங்கும். சிலருக்கு நேர்மாறு. வெறும் தண்ணீரே பாரமாக இருக்கிறது என்பவர்களும் உண்டு. அவர்கள் சில சொட்டு எலுமிச்சைச் சாறோ, ஒரு துண்டு இஞ்சி போட்டுக் கொதிக்க வைத்த நீரோ குடித்துப் பார்க்கலாம்.

3. நிமிர்ந்து உட்கார்ந்து குடியுங்கள். படுத்துக்கொண்டோ, குனிந்து வேலை செய்துகொண்டோ குடித்தால் மேலே எதுக்களிக்கும்.

4. போத்தலை அண்ணாந்து வாயில் கவிழ்க்க வேண்டாம். காற்றும் சேர்ந்து உள்ளே போகும். உறிஞ்சு குழாயும் இதே காரணத்துக்காகப் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

5. நெஞ்சு அடைத்தால் உடனே நிறுத்துங்கள். எழுந்து மெதுவாக நடந்து, கால் மணி அரை மணி கழித்துப் பாதி அளவில் மறுபடி ஆரம்பியுங்கள். "இன்னொரு மடக்கு குடிச்சா இறங்கிரும்" என்று வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்த வேண்டாம். அது இறங்காது; ஏறித்தான் வரும்.

எதைக் குடிக்கலாம், எது ஆகாது?

கொதித்து ஆறிய நீர்தான் முதல். அடுத்து, சீனி போடாத லேசான தே-ஓ, வடிகட்டிய பார்லி தண்ணீர், எண்ணெய் எடுத்த கோழி சூப், மீன் சூப், நீர் மோர். முதல் இரண்டு வாரங்களில் சத்துக்காகக் கொழுப்புக் குறைந்த பாலும், மருத்துவர் எழுதிக் கொடுக்கும் புரதப் பானமும் இதில் சேரும். ரசம் குடிக்க ஆசைப்பட்டால் மிளகாயையும் புளியையும் நன்றாகக் குறைத்து, தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இளநீரில் இனிப்பும் உண்டு, பொட்டாசியம் உப்பும் உண்டு. ஆகவே இனிப்பு நீர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

டின் பால் ஊற்றிய தே தாரிக், சிராப், பொட்டலத்தில் வரும் இனிப்பு மைலோ ஆகியவை ஆகாது. எடை குறையாது என்பது ஒரு காரணம். மற்றொன்று, குடலை இணைத்து ஆப்பரேசன் செய்தவர்களுக்கு, சீனித் தண்ணீர் நிற்காமல் நேராகச் சிறுகுடலில் போய் விழும். பத்து நிமிடம், அரை மணியில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு பிசையும், பேதியாகும். ஓரிரு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சீனி இறங்கிப் போய் மயக்கமும் வரலாம். பக்கத்தில் இருப்பவர்கள் "மயக்கமா, இந்தா சிராப்" என்று ஒரு பெரிய கிளாஸ் கொடுத்தால் அந்தச் சுற்று மறுபடியும் ஆரம்பமாகும். ஆகவே குளுக்கோமீட்டர் இருந்தால் முதலில் இரத்தச் சீனியைப் பாருங்கள். குறைந்திருந்தால் என்ன, எவ்வளவு கொடுப்பது என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கருவி இல்லாமல், ஆளும் தெளிவில்லாமல் இருந்தால் உடனே மருந்தகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வாயு நிரப்பிய டின் பானங்கள் அறவே வேண்டாம். சிறு பைக்குள் அந்த வாயு உப்பினால் தாங்க முடியாத வலி. வேலை நேரத்தில் நாம் விரும்பிக் குடிக்கும் 100 பிளஸும் வாயு கலந்ததுதான்.

சாராயம், சம்சு, கள், பீர் பற்றித் தனியாகச் சொல்கிறேன். இந்த ஆப்பரேசனுக்குப் பிறகு போதை வழக்கத்தைவிட வேகமாக ஏறும். அதிக அளவில் ஏறும். முன்பு மூன்று கிளாஸ் தாங்கியவர் ஒரு கிளாஸிலேயே விழுவார். குடியை நோயாகவே பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. தொடாமல் இருப்பதே உத்தமம்.

மூத்திரம் சொல்லும் செய்தி

போதுமான நீர் போகிறதா என்று தெரிந்துகொள்ளப் பெரிய சோதனை தேவையில்லை. மூத்திரத்தின் நிறத்தைப் பாருங்கள். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் போல வெளிறி இருந்தால் நல்லது. தே-ஓ நிறத்தில் இருந்தால் நீர் போதவில்லை. பி சத்து மாத்திரை சாப்பிட்டால் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம். நாளைக்கு நாலு தடவைக்குக் குறைவாகப் போனாலும், எழுந்தால் தலை சுற்றினாலும், வாய் காய்ந்தாலும் அன்றைக்கே மருந்தகத்துக்கு வாருங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளங்கள்

ஒரு நாள் முழுவதும் தண்ணீர் கூட உள்ளே நிற்காமல் வாந்தி, காய்ச்சல், வயிற்றில் கடும் வலி, அது தோளுக்கும் ஏறுவது, நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், சும்மா படுத்திருக்கும்போதே நாடி 120-க்கு மேல் ஓடுவது, கறுப்பு மலம், இரத்த வாந்தி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று படுத்துவிடாதீர்கள். தையல் கசிந்திருக்கலாம், இரத்தம் கட்டியிருக்கலாம். 999-க்குப் போன் பண்ணுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "இரைப்பை ஆப்பரேசன் செய்தவர்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பல நாள் வாந்தி எடுத்தவருக்கு பி1 சத்து குறைந்துவிடும். கண் இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது இதன் அடையாளம். இது மூளையை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. இப்படிப்பட்டவருக்கு பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் டிரிப் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். ஆகவே எத்தனை நாளாக வாந்தி என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெட்கப்படவோ பயப்படவோ இதில் ஒன்றும் இல்லை.

தோழர்கள் கேட்கும் கேள்விகள்

*பழைய மாத்திரைகளை அப்படியே சாப்பிடலாமா?*

கேட்காமல் சாப்பிடக் கூடாது. ஆப்பரேசனுக்குப் பிறகு இரத்தச் சீனியும் அழுத்தமும் வேகமாக இறங்கும். பழைய அளவு இன்சுலினோ, மூத்திரம் போக வைக்கும் இரத்தக் கொதிப்பு மாத்திரையோ எடுத்தால் மயங்கி விழலாம். கைகால் வலிக்கு வழக்கமாக வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிறு பையில் புண் உண்டாக்கும். எந்த மாத்திரையையும் நீங்களாகப் பொடி செய்ய வேண்டாம். மெதுவாகக் கரைய வேண்டியவை சில இருக்கின்றன. வாழ்நாள் முழுவதும் எடுக்கச் சொன்ன சத்து மாத்திரைகளை மட்டும் நிறுத்தவே கூடாது.

*எப்போது வேலைக்குத் திரும்பலாம்?*

அதை ஆப்பரேசன் செய்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பாரம் தூக்கும் வேலைக்கு நாலு முதல் ஆறு வாரமாவது ஆகும். குலை தூக்குவதும் உர மூட்டை தூக்குவதும் இதில் சேரும். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியவர்களுக்கு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்புக்கு இடம் இருக்கிறது. மருத்துவர் சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள். சந்தேகம் இருந்தால் சங்கக் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள்.

*வேலைக்காட்டில் எப்படிக் குடிப்பது?*

மற்றவர்கள் பத்து மணிக்கு ஒரே மூச்சில் குடித்துத் தாகம் தீர்ப்பார்கள். உங்களால் அது முடியாது. காலையிலிருந்தே உறிஞ்சிக்கொண்டு வர வேண்டும். சிறு போத்தல் ஒன்றை இடுப்பிலோ தோளிலோ மாட்டிக்கொள்ளுங்கள். போத்தலின் மூடியில் ஊற்றிக் குடித்தால் அளவு மீறாது. வெயிலில் மயக்கமாக இருந்தால் நிழலுக்கு வந்துவிடுங்கள். நிரையை முடித்துவிட்டு வரலாம் என்று நிற்க வேண்டாம்.

*விரதம் இருக்கலாமா?*

தண்ணீரும் குடிக்காத விரதம் வேண்டாம். உடம்பு தேறிய பிறகு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டாருக்கும் மண்டோர்களுக்கும்

ஆப்பரேசன் செய்து வந்தவரைப் பார்த்து "கொஞ்சம் சாப்பிட்டு அடங்கிப் போகாம, கத்தி வைக்கப் போனாங்களாக்கும்" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் வாந்தியையும் மயக்கத்தையும் மறைக்கிறார்கள். பருமன் ஒரு நோய்; அதற்குச் செய்தது ஒரு சிகிச்சை. வீட்டார் கிண்டலை விட்டுவிட்டு, அன்றைக்கு எத்தனை கிண்ணம் குடித்தார் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணி வந்தாலே பாதி வைத்தியம் முடிந்தது. அந்தப் பெண்மணியின் மகள் காலண்டரின் பின்பக்கத்தில் அப்படித்தான் கோடு போட்டு வந்தாள்.

மண்டோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்டவர் கால் மணிக்கு ஒரு தரம் நின்று ஒரு மூடித் தண்ணீர் குடித்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று எண்ண வேண்டாம். அரை நிமிட வேலை அது. அதைத் தடுத்தால் ஆள் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடக்க நேரும்.

உங்கள் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் வேறு அளவு எழுதியிருந்தால், அதையே பின்பற்றுங்கள். அவர்கள்தான் உங்கள் வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள். அந்தத் தாளையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, வீடு வந்த மறுநாளே தோட்டத்து மருந்தகத்துக்கு ஒரு நடை வந்துவிடுங்கள். நாடி, அழுத்தம், எடை மூன்றையும் எழுதி வைத்துக்கொள்கிறோம். மருந்துக் கிண்ணம் ஒன்றும் கையோடு வாங்கிப் போகலாம். அதற்குக் காசு கிடையாது.

— தோட்ட மருத்துவ உதவியாளர்